பட்டியலில் உள்ளதெல்லாம் பணியில் உள்ளதாகுமா?

சில திங்களுக்கு முன்னர் ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றில் கலந்துகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், கணிப்பொறியிலிருந்து அச்சிட்டெடுத்த நீண்ட பட்டியல் ஒன்றை என் முன் வைத்தார். மூட்டுக் குருத்தெலும்பின் உயிரணுக்களில் வெளிப்படும் மரபணுக்களின் பட்டியல் அது. எவரும் கட்டணமின்றி எடுத்துப் பயன்படுத்தக்கூடிய பொதுத் தரவுக் களஞ்சியம் ஒன்றிலிருந்து அவர் அதனைப் பெற்றிருந்தார். அதன் நடுவே, நரம்பிற்கே உரியது என்று பாடநூல்கள் கூறும் சோடியம் வாய்க்கால் ஒன்றின் பெயரும் காணப்பட்டது. “ஐயா, குருத்தெலும்பில் நரம்பு இல்லை; துடிப்பும் இல்லை. இதற்கு அங்கே என்ன வேலை? பட்டியல் பிழையா, பாடநூல் பிழையா? நான் வகுப்பில் எதைச் சொல்வது?” என்று அவர் வினவினார்.

அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவு தரவில்லை. இக்கட்டுரை அவ்வினாவிற்குச் சற்று விரிவாக விடை கூறும் முயற்சியாகும். நம் கல்லூரிகளிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் பெருகிவரும் ஒரு வழக்கத்தைப் பற்றி என் கருத்தையும் ஈண்டு கூற விழைகிறேன்.

குருத்தெலும்பின் இயல்பு

முழங்கால் மூட்டில் எலும்பின் முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பின் தடிப்பு சில மில்லிமீட்டரே. அதில் இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. எடையில் பெரும்பகுதி நீர். எஞ்சியது, கொல்லாஜன் இழைகளாலான வலையும், அவ்வலைக்குள் சிக்குண்ட புரோட்டியோகிளைக்கன் என்னும் பெருமூலக்கூறுகளும் ஆகும். உயிரணுக்களோ மொத்தக் கன அளவில் நூற்றுக்குச் சில பங்கே. பரந்த வெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடியிருக்கும் காவலரைப் போல அவை தனித்தனியே வாழ்கின்றன. சுற்றியுள்ள பொருள் அனைத்தையும் ஆக்குவதும் பேணுவதும் இச்சிறு குடிகளின் பொறுப்பேயாம்.

புரோட்டியோகிளைக்கன்கள் எதிர் மின்னூட்டம் உடையவை. ஆதலின் நேர் மின்னூட்டமுடைய சோடியம் அயனிகளைத் தம்பால் ஈர்த்து வைத்துக்கொள்கின்றன. இரத்த நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல் அளவில் உள்ள சோடியம், குருத்தெலும்பில் 240 முதல் 350 மில்லிமோல் வரை காணப்படுகிறது. அயனிகள் மிகும் இடத்தை நீர் நாடும். அந்நீரே குருத்தெலும்பைப் பஞ்சணைபோல் விம்மி நிற்கச் செய்து பாரத்தைத் தாங்குகிறது. நாம் நாற்காலியிலிருந்து எழும்போது இடுப்பு மூட்டின் சில பகுதிகளில் வளிமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்கிற்கும் மேற்பட்ட அழுத்தம் எழுகிறது. ஒவ்வோர் அழுத்தத்தின்போதும் நீர் பிழியப்பட்டு வெளியேறுகிறது. அயனிகளின் செறிவு மாறுகிறது. உயிரணுவின் வடிவமும் அளவும் மாறுகின்றன.

இம்மாற்றங்களை அவ்வுயிரணு எவ்வாறு அறிகிறது? நரம்பு வந்து சொல்வதில்லை. குருதியில் ஏறித் தூதும் வருவதில்லை. தன் உறையில் பதிந்துள்ள புரதங்களாலேயே அது தன் சூழலை உணரவேண்டும். அப்புரதங்களுள் முதன்மையானவை அயனி வாய்க்கால்கள். ஆகவே, துடிப்பில்லாத குருத்தெலும்பிலும் அவற்றிற்குப் பணி உண்டு. ஆசிரியரின் முதல் ஐயத்திற்கு இதுவே விடை.

மதகும் மின்முனையும்

அயனி வாய்க்காலை ஏரியின் மதகிற்கு ஒப்பிடலாம். உயிரணு உறையின் ஊடே அமைந்த நுண்ணிய திறப்பு அது. மின்னழுத்தமோ, இழுவிசையோ, ஒரு வேதிப்பொருளோ தூண்டும்போது திறக்கும், பின்னர் மூடும். திறந்திருக்கும்போது ஒரே வாய்க்காலின் வழியாக வினாடிக்குப் பத்து இலட்சத்திலிருந்து பத்துக் கோடி வரையிலான அயனிகள் பாய்ந்து செல்லும்.

இப்பாய்ச்சலை அளக்கும் கலை நீண்ட வரலாறு உடையது. கணவாயின் பெருநரம்பில் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் செய்த ஆய்வுகள் 1952 இல் வெளிவந்தன. 1963 இல் அவர்கட்கு நோபல் பரிசு கிடைத்தது. 1976 இல் நேஹர், சக்மன் என்னும் ஜெர்மானியர் இருவர், நுண்ணிய கண்ணாடிக் குழாய் முனையை உறையின்மேல் ஒட்டவைத்து, தனியொரு வாய்க்காலின் மின்னோட்டத்தையே அளந்து காட்டினர். ‘பாட்ச் கிளாம்ப்’ எனப்படும் இம்முறைக்காக 1991 இல் அவர்களும் நோபல் பரிசு பெற்றனர். ஒரு வாய்க்கால் உண்மையில் பணி செய்கிறதா என்பதை நேரிற் காட்டும் முறைகளுள் இன்றும் இதுவே தலையாயது.

ஆயினும், இம்முறை பொறுமையைப் பெரிதும் வேண்டுவது. ஒரு நாளில் ஒருவர் அளக்கக்கூடிய உயிரணுக்கள் மிகச் சிலவே. மனித இனத்தில் அயனி வாய்க்கால்களுக்குரிய மரபணுக்களோ ஏறத்தாழ 400. அவை ஒவ்வொன்றையும் மின்முனையால் தேடிச் செல்வது, இருளில் ஊசி தேடுவதாகும். முதலில் எங்குத் தேடுவது என்பதைச் சொல்ல ஒரு வழிகாட்டி வேண்டும்.

வழிகாட்டியின் வருகை

அவ்வழிகாட்டியாக வந்ததே மரபணு வெளிப்பாட்டுத் தரவு. உடலின் எல்லா உயிரணுக்களிலும் இருப்பது ஏறத்தாழ ஒரே மரபுத் தொகுதி. ஆனால் ஒவ்வோர் உயிரணுவும் அப்பெருநூலில் தனக்கு வேண்டிய பக்கங்களை மட்டுமே படியெடுக்கிறது. அப்படிகளே தூது ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள். அவற்றை எண்ணினால் எப்பக்கங்கள் வாசிக்கப்படுகின்றன என்பது புலனாகும். 1995 இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தினர் கண்ணாடித் தகட்டின்மேல் பல மரபணுக்களை வரிசையாகப் பதித்து அவற்றின் வெளிப்பாட்டை ஒருங்கே அளக்கும் முறையை வெளியிட்டனர். பின்னர் ஆர்.என்.ஏ.யை நேராக வரிசைப்படுத்தி எண்ணும் முறையும் பரவிற்று. இன்று ஒரே மாதிரியிலிருந்து ஏறத்தாழ 20,000 மரபணுக்களின் வெளிப்பாட்டையும் அறிய முடிகிறது.

இத்தரவுகளைப் பொதுவில் வைக்கவேண்டும் என்னும் நல்லெண்ணமும் உடன் வளர்ந்தது. அமெரிக்க அரசு 2000 இல் மரபணு வெளிப்பாட்டுக்கென ஒரு பொதுக் களஞ்சியத்தை நிறுவிற்று. ஐரோப்பாவிலும் அத்தகையது ஒன்று உண்டு. நம் நாட்டில் 2022 நவம்பரில் ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. பத்தாயிரம் இந்தியரின் மரபுத் தொகுதித் தரவுகள் 2025 சனவரியில் அம்மையத்தின் வாயிலாக ஆராய்ச்சியாளருக்குக் கிடைக்கலாயின.

இதன் பயன் பெரிது. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாத கல்லூரி ஆசிரியர் ஒருவர், ஒரு கணிப்பொறியும் இணைய இணைப்பும் மட்டும் கொண்டு, பிறர் சேர்த்த குருத்தெலும்புத் தரவுகளை எடுத்து, அவற்றில் அயனி வாய்க்கால்களின் மரபணுக்களை மட்டும் பிரித்து ஆராயலாம். “பிறர் அறுவடை செய்த வயலில் கதிர் பொறுக்குவது ஆராய்ச்சியாகுமா?” என்று ஏளனம் செய்வோரும் உளர். அவர்களோடு நான் உடன்படவில்லை. தரவைச் சேர்த்தவர் தம் வினாவிற்கு விடை கண்டு சென்றார். அதே தரவில் வேறொரு வினாவிற்குரிய விடை எடுப்பாரின்றிக் கிடக்கலாம். பொதுப் பணத்தில் விளைந்த தரவை ஒருமுறை பயன்படுத்திவிட்டு மூடி வைப்பதே வீண் செலவு.

ஆணையும் வருகையும் வேலையும்

நான் முரண்படுவது வேறோரிடத்தில். மரபணுப் பட்டியலில் ஒரு வாய்க்காலின் பெயரைக் கண்ட அளவிலேயே, “இவ்வாய்க்கால் குருத்தெலும்பில் இயங்குகிறது” என்று எழுதிவிடும் வழக்கம் பெருகி வருகிறது. இது தவறு.

களப்பணியாளர்க்கு இதனை விளக்குவது எளிது. ஓர் ஊரில் பணி செய்ய ஒருவரை நியமித்து ஆணை பிறப்பிக்கப்படுகிறது. ஆணை பிறந்துவிட்டதாலேயே அவர் அவ்வூர்க்கு வந்து சேர்ந்தார் என்று கூற முடியாது. வந்து பதிவேட்டில் கையொப்பமிட்டதாலேயே அங்கு வேலை நடந்தது என்றும் கூற முடியாது. தூது ஆர்.என்.ஏ. என்பது ஆணை. புரதம் உருவாகி உறையில் சென்று அமர்வது வருகை. அயனிகள் பாய்வதே வேலை. பட்டியல் நமக்குக் காட்டுவது ஆணையை மட்டுமே.

இவ்விடைவெளி ஏனைய புரதங்களைக் காட்டிலும் அயனி வாய்க்கால்களில் மிகப் பெரிது. கொல்லாஜன் போன்ற கட்டுமானப் புரதம் ஏராளமாக வேண்டியிருத்தலின் அதன் படிகளும் ஏராளம். பட்டியலில் தலைமேல் நிற்கும். வாய்க்கால்களோ சிலநூறு இருந்தாலே உயிரணுவின் போக்கை மாற்றிவிடும். அவற்றின் படிகள் மிகக் குறைவாதலின், கருவியின் இரைச்சலோடு கலந்து நிற்கும். ஆகவே, பட்டியலில் இல்லாத வாய்க்கால் உயிரணுவில் இருக்கலாம். பட்டியலில் உள்ளது பணியின்றிக் கிடக்கலாம்.

இதனினும் நுண்ணிய இடர்கள் இரண்டு உள. முதலாவது, உயிரணு எங்கு வளர்ந்தது என்பது. குருத்தெலும்பு உயிரணுவைப் பிரித்தெடுத்துத் தட்டையான கிண்ணத்தில் பல தலைமுறை வளர்த்தால், அது தன் இயல்பை இழந்து, குருத்தெலும்பிற்குரிய இரண்டாம் வகைக் கொல்லாஜனை விடுத்து, முதல் வகையை ஆக்கத் தொடங்குகிறது. அவ்வுயிரணுவையே அகரோஸ் கூழினுள் வைத்தால் பழைய இயல்பு திரும்புவதை 1982 இல் பென்யா, ஷாஃபர் என்னும் இருவர் காட்டினர். எனவே, கிண்ணத்தில் வளர்ந்த உயிரணுவின் பட்டியலைக் கொண்டு மூட்டில் வாழும் உயிரணுவைப் பற்றித் தீர்ப்புரைப்பது, ஊரைவிட்டுப் பட்டணம் சென்று பல்லாண்டு வாழ்ந்தவனைக் கண்டு ஊரின் வழக்கத்தை எழுதுவது போன்றதாகும்.

இரண்டாவது, ஒப்பீட்டிற்குரிய நலமான குருத்தெலும்பு எங்கிருந்து வருகிறது என்பது. மூட்டுத் தேய்வு நோயாளியின் குருத்தெலும்பு, மூட்டு மாற்று அறுவையின்போது கிடைக்கிறது. நலமுள்ளவர் தம் மூட்டை அறுத்துத் தருவாரா? ஆதலின், விபத்தில் இறந்தோர், இடுப்பெலும்பு முறிந்தோர் ஆகியோரிடமிருந்தே அது பெரும்பாலும் பெறப்படுகிறது. எழுபது வயது மூதாட்டியின் தேய்ந்த முழங்காலையும், முப்பது வயது இளைஞனின் நலமான இடுப்பையும் அருகருகே வைத்துக் காணும் வேறுபாடு நோயால் வந்ததா, வயதால் வந்ததா, மூட்டு வேறாதலால் வந்ததா? தரவோடு இவ்விவரங்கள் இணைந்திராவிடில் எந்தக் கணித முறையும் விடை தர இயலாது.

நல்ல வழிக்குச் சான்றுகள்

பட்டியலும் மின்முனையும் கைகோக்கும்போது விளையும் பயனுக்கு மூன்று சான்றுகள் கூறுவேன்.

டி.ஆர்.பி.வி.4 என்னும் வாய்க்கால், சூழலின் உவர்ச் செறிவு மாறுவதை உணர்வதாக 2000 இல் கண்டறியப்பட்டது. முதுகெலும்பு வளர்ச்சி குன்றி உடல் குறுகும் பிராகியோல்மியா என்னும் பரம்பரைக் குறைபாட்டின் ஒரு வகைக்கு இதன் மரபணுவில் உள்ள மாற்றமே காரணம் என்பது 2008 இல் வெளியாயிற்று. ஆய்வாளர்கள் மரபணு மாற்றத்தைக் கண்டதோடு நிற்கவில்லை. மாறிய வாய்க்காலில் மின்னோட்டம் மிகுவதை அளந்தும் காட்டினர்.

பீசோ 1, பீசோ 2 என்னும் விசையுணர் வாய்க்கால்கள் 2010 இல் ஆர்டெம் படபூட்டியானின் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டன. அவர் 2021 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2014 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார், பன்றியின் குருத்தெலும்பு உயிரணுக்களைக் கடுமையாக அழுத்தும்போது இவ்விரண்டும் இணைந்து கால்சியத்தை உள்ளே விடுவதைக் காட்டினர். இவற்றின் ஆணைகளை அடக்கியபோது அவ்விளைவு குறைந்தது. டரான்டுலா சிலந்தியின் நஞ்சிலிருந்து பெற்ற ஒரு பொருளால் தடுத்தபோது, காயமுற்ற குருத்தெலும்பில் உயிரணுச் சாவும் குறைந்தது. இங்கே ஆணை, வருகை, வேலை மூன்றும் சோதிக்கப்பட்டன.

மூன்றாவது சான்று, ஆசிரியர் கேட்ட சோடியம் வாய்க்காலைப் பற்றியதே. என்.ஏ.வி. 1.7 எனப்படும் அது, வலியை உணர்த்தும் நரம்புகளில் நெடுங்காலமாக அறியப்பட்டது. மூட்டுத் தேய்வுற்ற மனிதரின் குருத்தெலும்பு உயிரணுக்களிலும் அது இயங்குகிறது என்பதை 2024 இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு நிறுவிற்று. ஓர் உயிரணுவில் 350 முதல் 525 வாய்க்கால்களே உள்ளன என்று அவ்வாய்வினர் கணக்கிட்டனர். எத்துணைச் சிறு எண்! எலிகளில் நரம்பிலிருந்து இதனை நீக்கியபோது வலி குறைந்தது. குருத்தெலும்பு உயிரணுவிலிருந்து நீக்கியபோது மூட்டின் தேய்வு மட்டுப்பட்டது. ஒரே பெயர் இரு இடங்களில் இரு வேறு பணிகளைச் செய்வது இதனால் தெளிவாயிற்று. பட்டியல் எத்துணை நீண்டதாயினும் இதனைத் தானே சொல்லியிராது.

எதன் பொருட்டு இக்கவலை?

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019 இல் உலகில் 52 கோடியே 80 இலட்சம் பேர் மூட்டுத் தேய்வினால் துன்புற்றனர். அவர்களுள் நூற்றுக்கு அறுபதின்மர் பெண்டிர். முழங்காலே மிகுதியாகத் தாக்குறும் மூட்டு. வலியைத் தணிக்க மருந்துகள் உள. தேய்வையே தடுத்து நிறுத்துவதாக ஒப்புக்கொள்ளப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. அயனி வாய்க்கால்களைத் திறக்கவும் மூடவும் மருந்துகள் ஆக்க இயலுமாதலின் இத்துறையில் நம்பிக்கை பிறந்துள்ளது. ஆனால், பட்டியலில் கண்ட பெயரைச் சோதியாமல் நம்பி ஆராய்ச்சியைச் செலுத்தினால், பல்லாண்டு உழைப்பும் பொதுப் பணமும் தவறான மதகின் முன் காத்துக் கிடக்கும். படியேற முடியாமல் சுவரைப் பற்றி நிற்கும் முதியவர் அவ்வாண்டுகளை மீண்டும் பெறமாட்டார்.

செய்யத்தக்கவை

எனவே, மூன்று செய்திகளை வாசகர் முன் வைக்கிறேன்.

ஒன்று, பொதுத் தரவை மறுமுறை ஆராய்வதைக் கல்லூரிகள் ஊக்குவிக்க வேண்டும். ஆனால் அதன் முடிவை முடிவென்று கூறாமல் முன்மொழிவு என்று கூறும் ஒழுக்கமும் உடன் கற்பிக்கப்பட வேண்டும். மின்முனைக் கருவியுள்ள ஆய்வுக்கூடங்கள், பட்டியல் ஆராயும் சிறு கல்லூரிகளோடு இணைந்து பணியாற்றினால் இருசாராரும் பயன்பெறுவர். தரவு பெருகிய இக்காலத்தில் மின்முனை பழங்கருவியாகிவிட்டது என்போர் கூற்றும் பொருந்தாது. பட்டியல்கள் நீள நீள, அவற்றைச் சரிபார்க்கும் கை முன்னினும் தேவையாகிறது.

இரண்டு, மாதிரி சேர்க்கும் களப்பணியாளர் தம் பங்கைச் சிறிதென எண்ணலாகாது. எந்த மூட்டு, மூட்டின் தேய்ந்த பகுதியா தேயாத பகுதியா, நோயாளியின் வயது யாது, ஆணா பெண்ணா, அறுவைக்கும் உறையவைத்தலுக்கும் இடையே சென்ற நேரம் எவ்வளவு, உயிரணு உடனே ஆராயப்பட்டதா, கிண்ணத்தில் எத்தனை தலைமுறை வளர்க்கப்பட்டது ஆகியவற்றை அவ்வப்போதே எழுதி வைத்தல் வேண்டும். நோயாளியின் ஒப்புதலைப் பெறுதலும், அவர் பெயரை மறைத்தலும் இன்றியமையாதவை. இக்குறிப்புகள் இல்லாத மாதிரி, முகவரி இல்லாத கடிதத்தை ஒக்கும். பெயரெழுதும் சிறு செயலிலும் விழிப்பு வேண்டும். ‘செப்ட் 2’ என்னும் மரபணுப் பெயரைக் கணிப்பொறியின் அட்டவணைச் செயலி ‘செப்டம்பர் 2’ என்று தேதியாக மாற்றிவிடும். மரபணுப் பட்டியலை அட்டவணைக் கோப்பாக இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இத்தகைய பிழை இருந்ததை 2016 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. பிழையைத் திருத்த இயலாமல், 2020 இல் அம்மரபணுக்களின் பெயரையே மாற்ற நேர்ந்தது!

மூன்று, ஆசிரியர்கள் இதனை வகுப்பிற்குக் கொண்டு செல்ல வேண்டும். கரும்பலகையில் மூன்று நிரல்கள் வரைக. முதல் நிரலில் ஆணை, இரண்டாவதில் வருகை, மூன்றாவதில் வேலை என்று எழுதுக. மேற்சொன்ன வாய்க்கால்கள் ஒவ்வொன்றிற்கும் எந்நிரலில் சான்று உள்ளது, அது எவ்வாண்டில், எவ்விலங்கில் கிடைத்தது என்று மாணவரைக் கொண்டே நிரப்பச் செய்க. நிரம்பாத கட்டங்களே நாளைய ஆராய்ச்சிக்குரிய இடங்கள் என்பதை அவர்கள் தாமே காண்பர். ஒரு செய்தியைக் கேட்டவுடன் “இதற்குச் சான்று எந்நிரலில்?” என்று கேட்கும் பழக்கம், விஞ்ஞானம் பயிலாத பிள்ளைக்கும் வாழ்நாள் முழுவதும் உதவும்.

முகாமில் என்னை வினவிய ஆசிரியர்க்கு இன்று நான் கூறும் விடை இது: ஐயா, தங்கள் பட்டியலும் பிழையன்று, பாடநூலும் முற்றிலும் பிழையன்று. பட்டியல் ஓர் ஆணையைக் காட்டியது. பாடநூல் அறிந்த அளவைச் சொன்னது. இரண்டிற்கும் இடையே இருந்த வெற்றிடத்தைச் சிலர் பல ஆண்டு பொறுமையோடு நிரப்பினர். அந்த வெற்றிடத்தைக் கண்டு தாங்கள் வினவியதே ஆராய்ச்சியின் முதற்படி. அவ்வினாவைத் தங்கள் மாணவரிடமும் விட்டுச் செல்லுங்கள்.